எண்ணாயிரம் ரூபாவில் ஒரு செவி

கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும் என்று ஒருவன் கூறினால் அதனை ஆடம்பரம் என்று எவரும் சொல்வதில்லை. செவிக்கு ஒரு கருவி வேண்டும் என்று கூறினால் மாத்திரம் அவன் பாட்டுப் பித்தன் என்றோ பணத்தை விரயஞ் செய்பவன் என்றோ கருதப்படுகிறான். பேராதனையிற் கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற மாணவனொருவனுக்கு இந்த அனுபவம் நேர்ந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது பாட்டுக் கேட்கும் இன்பமன்று. ஒரேயொரு ஒலிநாடாவிலுள்ள சொற்களைப் பிழையின்றி எழுத வேண்டியிருந்தது. அதற்காக அவன் சேர்த்து வைத்திருந்த பணம் 8,000 ரூபா.

அவனுடைய தாய்வழிப் பாட்டனார் மட்டக்களப்பின் படுவான்கரையில் வடமோடிக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார். கூத்துக் கொப்பிகள் பலவற்றைத் தம் கையால் எழுதி வைத்திருந்தவர். 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு ஊர் இடம்பெயர்ந்தபோது அக்கொப்பிகள் வீட்டோடு அழிந்தன. பாட்டனாரும் பேரன் பிறப்பதற்கு முன்னரே மறைந்தார். எஞ்சியது, 1986இல் அபிமன்னன் கதையைப் பாடும் கூத்தொன்றின் பழக்கத்தின்போது எவரோ பதிவு செய்த 90 நிமிட ஒலிநாடா ஒன்றுதான். அஃது உறவினர் வீட்டுத் தகரப் பெட்டியொன்றிற் பழைய அடையாள அட்டைகளோடும் காணி உறுதிகளோடும் கிடந்தது. மைத்துனன் ஒருவன் அதனைக் கணினிக்கு மாற்றி, ஏறத்தாழ 950 மெகாபைற் அளவுள்ள கோப்பாக அனுப்பி வைத்தான். அதிலுள்ள பாடல்களை எழுத்திலே பெயர்த்து ஆராய்வதே மாணவனின் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்குப் பொருளாக அமைந்தது.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனைக்குக் கொணர்ந்து, செம்மைப்படுத்தி மேடையேற்றிய வரலாற்றினை இங்கு கற்போர் அனைவரும் அறிவர். அந்தப் பணியின் ஒரு துளியைத் தானும் செய்வதாக மாணவன் எண்ணிக்கொண்டான். ஆனால் அவனிடமிருந்த பழைய மடிக்கணினியின் ஒலிபெருக்கியோ, விரல் நுனியளவினது. அதிலே பாட்டனாரின் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒலித்தது. விடுதி அறையில் அவனோடு மேலும் மூவர் இருந்தனர். ஒருவர் பாடம் ஒப்பிப்பார்; ஒருவர் வீட்டாருடன் தொலைபேசியிற் பேசுவார்; மூன்றாமவர் உறங்குவார். இவர்களுக்கு நடுவே கூத்துப் பாட்டை உரத்து ஒலிக்கவிடுதல் இயலாத காரியம்.

முதலில் அவன் நடைபாதைக் கடையொன்றில் 1,200 ரூபாவுக்கு ஒரு ஹெட்போனை வாங்கினான். பெட்டியின் மேல் 'அதிக பாஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கிய அன்றே குறை தெரிந்தது. மத்தளத்தின் அடித்தொனி தலையை அதிர வைத்தது. பாடுவோர் குரல் அதன் அடியிற் புதைந்து போயிற்று. குரலைக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டினான். மத்தளமும் கூடவே கூடியது. இரண்டு மணி நேரத்தின் பின் அதனைக் கழற்றியபோது காதுக்குள் ஓர் இரைச்சல் நின்றது. மறுநாட் காலைவரை அஃது அடங்கவில்லை.

அந்த இரைச்சலே அவனை விஞ்ஞான பீடத்திற் பௌதிகவியல் கற்ற மூத்த மாணவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றது. அவரும் மட்டக்களப்பார். நடந்ததைக் கேட்ட அவர் முதலில் ஒரு கணக்கைச் சொன்னார். 85 டெசிபெல் அளவான ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் ஆகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம். 91 டெசிபெல்லுக்கு 2 மணி நேரம். "தம்பி, நல்ல ஹெட்போன் எண்டால் சத்தமாகக் கேக்கிறது இல்ல, சத்தத்தைக் குறைச்சு வைச்சாலும் சொல்லு விளங்கிறதுதான்" என்று அவர் கூறியதை மாணவன் தன் குறிப்புப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிக் கொண்டான்.

இரண்டாவதாக அவர் கூறியது, பணத்தை எவ்வரிசையிற் செலவிடல் வேண்டும் என்பதாகும். கணினியிலிருந்து காதுக்கு ஒலி வரும் வழியில் மூன்று படிகள் உள்ளன. கோப்பிலுள்ள எண்களை மின்னலையாக மாற்றுதல் முதற்படி. அந்த மின்னலையைப் பெருக்குதல் இரண்டாம்படி. அதனைக் காற்றின் அதிர்வாக்குதல் மூன்றாம்படி. மூன்றாவதைச் செய்வதே ஹெட்போன். அதனுள்ளே காந்தமொன்றும், அதன் புலத்துள் அசையும் கம்பிச் சுருளும், சுருளோடு ஒட்டிய மென்றகடும் உள்ளன. இம்மூன்று படிகளிலும் ஒலியின் இயல்பு மிகுதியாக மாறுபடுவது இறுதிப் படியிலேதான். ஆகவே கையிலுள்ள பணத்திற் பெரும்பகுதி ஹெட்போனுக்கே உரியது. முதற்படியிற் குறை இருந்தாற் சிறு தொகை அதற்கு. பெருக்கும் கருவிக்கோ ஒரு சதமும் வேண்டியதில்லை என்றார் அவர்.

பெருக்கி இல்லாவிடில் ஒலி போதுமா என்று மாணவன் வினவினான். அதற்கு விடையாக அவர் மின்தடையின் கணக்கை விளக்கினார். ஒலிப்பதிவு நிலையங்களுக்கென ஆக்கப்பட்ட ஹெட்போன்களிற் சில 250 அல்லது 300 ஓம் மின்தடை உடையவை. கணினியின் சிறு துளையிலிருந்து வரும் மின்னழுத்தம் அவற்றை நன்கு இயக்கப் போதாது போகலாம். ஆனால் 32 ஓம் அளவினவாய், சிறு வலுவுக்கே உரத்து ஒலிப்பனவாய் உள்ளவற்றுக்குப் பெருக்கி வேண்டியதில்லை. பொருத்தமான பொருளைத் தெரிந்தெடுத்தலே ஒரு கருவியின் விலையை மிச்சம் பிடிக்கும் வழி.

மூன்றாவது, மூடிய வகையா திறந்த வகையா என்னும் வினா. ஹெட்போனின் வரலாற்றிலே இவ்விரண்டும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தோன்றியவை. தொடக்கத்தில் அது தொலைபேசி நிலையத்தாருக்கும் கம்பியில்லாத் தந்தியாளருக்கும் உரிய தொழிற்கருவியாகவே இருந்தது. அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் 1910இல் தாம் ஆக்கியவற்றை அந்நாட்டுக் கடற்படைக்கு வழங்கினார். இசை கேட்பதற்கென ஸ்ரீரியோ ஹெட்போனை ஜோன் கொஸ் என்பார் 1958இல் அறிமுகப்படுத்தினார். ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட எச்.டி. 414 என்பது திறந்த வகைக்கு வழிகாட்டியது. திறந்த வகையின் புறம் அடைபட்டிராது. ஆகவே ஒலி தலைக்குள் அடைபட்டது போலன்றி இயல்பாகக் கேட்கும். ஆனால் உள்ளிருக்கும் பாட்டு வெளியே கசியும். வெளியிலுள்ள பேச்சு உள்ளே வரும். நால்வர் வாழும் அறைக்கு மூடிய வகையே ஏற்றது. அறை அமைதியாக ஒலித்தால் ஒலியைக் கூட்டவேண்டிய தேவையும் குறையும்; செவிக்கும் அதுவே காவல்.

இனி விலையின் சங்கதி. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. அதன்பின் இறக்குமதிப் பொருள்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கடைக் கண்ணாடிக்குள் இருந்த புதிய கருவிகளைப் பார்த்துவிட்டு இருவரும் கண்டி நகரிலே பாவித்த மின்பொருள் விற்கும் சிறு கடையொன்றுக்குச் சென்றனர். அங்கே ஒலிப்பதிவு வேலைக்கெனச் செய்யப்பட்ட, 32 ஓம் அளவான மூடிய ஹெட்போன் ஒன்று கிடந்தது. காதுமெத்தைகள் உரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டின. ஒரு பக்கம் ஒலித்தது, மறுபக்கம் ஒலிக்கவில்லை. மூத்த மாணவர் அதன் வடத்தை, செருகும் முனைக்கு அருகில் இரு விரலாற் பிடித்து மெல்ல வளைத்தார். ஊமையாயிருந்த பக்கம் ஒரு கணம் பேசி மீண்டும் அடங்கிற்று. "உள்ளுக்குப் பழுதில்லை; கம்பிதான் அறுந்திருக்கு" என்றார். கடைக்காரரோடு பேரம் பேசி 4,500 ரூபாவுக்கு அதனை வாங்கினர். புதிய மெத்தைகள் 900 ரூபா. 3.5 மில்லிமீற்றர் முனை 150 ரூபா. அறுந்த இடத்துக்குக் கீழே வடத்தை வெட்டிப் புதிய முனையை ஈயம் பற்றவைத்துக் கொடுத்த வேலையாள் 300 ரூபா வாங்கினார்.

மெத்தை என்பது சுகத்துக்கு மாத்திரம் என்று மாணவன் எண்ணியிருந்தான். அது தவறு. காதைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்தினாற்றான் தாழ்ந்த ஒலிகள் வெளியேறாது நிற்கும். பழைய மெத்தையோடு மத்தளம் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலிருந்தது. புதிய மெத்தையோடு அதன் இடந்தலையும் வலந்தலையும் வேறு வேறாகப் பிரிந்து கேட்டன. கண்ணாடி போட்டுக்கொண்டு அணிந்தபோது, சட்டத்தின் காம்பு மெத்தையைச் சிறிது தூக்கிவிட, மீண்டும் ஒலி மெலிந்தது. அதன்பின் அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பதும், போட்டுக்கொண்டு எழுதுவதுமாகப் பழகிக் கொண்டான்.

எனினும் ஒரு மெல்லிய சீறல் பாட்டின் பின்னே தொடர்ந்து கேட்டது. நாடாவின் இரைச்சல் என்றே அவன் கருதினான். ஆனால் பாட்டை நிறுத்திய பின்னும் அது நிற்கவில்லை. சார்ஜரைக் கழற்றியவுடன் பெரிதும் அடங்கியது. ஆகவே குறை நாடாவிலன்று. கணினியின் உள்ளே மின்சாரம் வரும் வழியிலிருந்து ஒலிப் பகுதிக்குக் கசிந்த குழப்பமே அது. பற்றரியிலேயே வேலை செய்யலாம் எனின், அப்பழைய கணினியின் பற்றரி அரை மணி நேரந்தானும் நில்லாது. எனவே யூ.எஸ்.பி. துளையிற் செருகும் சிறு ஒலி மாற்றி ஒன்று 1,800 ரூபாவுக்கு வாங்கப்பட்டது. எண்ணை அலையாக்கும் வேலை கணினிக்கு வெளியே நிகழ்ந்ததும் சீறல் கேளாத அளவுக்குத் தணிந்தது. இதனினும் விலை உயர்ந்த மாற்றிகள் உண்டு. நொடிக்கு 192,000 மாதிரிகளைக் கையாள்வதாக விளம்பரஞ் செய்யப்படுவனவும் உண்டு. மைத்துனன் அனுப்பிய கோப்பிலுள்ளவை நொடிக்கு 44,100 மாதிரிகள். அவையே 20,000 ஹேர்ட்ஸ் வரை, அதாவது மனிதச் செவியின் எல்லைவரை, காட்டப் போதுமானவை. சிறிய கைக் கருவியிற் பதிந்த அந்த நாடாவிலோ அதன் பாதியளவுந்தான் இருக்குமோ என்பது ஐயம். மூலத்தில் இல்லாததை எந்தக் கருவியும் தர இயலாது.

மொத்தச் செலவு 7,650 ரூபா. மிச்சம் 350.

இப்போது மாணவன் வேலையைத் தொடங்கினான். அப்பொழுதுதான் கருவியாற் புலப்படுத்த மட்டுமே முடியும், திருத்த முடியாது என்பது விளங்கிற்று. ஒலி நடுவில் நில்லாமல் இடப்புறமாகச் சாய்ந்து நின்றது, மெய்யெழுத்துகள் கூர்மையிழந்திருந்தன. பாடியது ஒரே ஒலிவாங்கியின் முன்தானே என்று எண்ணி அவன் முன்னரே இரண்டு தடங்களையும் ஒன்றாக்கி ஒரு பிரதி எடுத்திருந்தான். அந்தப் பிரதியில் மங்கல் இன்னும் அதிகமாக இருந்தது. தற்செயலாக ஒரு பக்கத்தை நீக்கி, மூலக் கோப்பின் இடத்தடத்தை மாத்திரம் கேட்டபோது சொற்கள் தெளிந்தன. காரணத்தை மூத்த மாணவர் விளக்கினார். நாடாவை ஓடவிட்ட கருவியின் தலை சிறிது சாய்ந்திருந்தால், ஒரே ஒலி ஒரு தடத்திற் சற்று முந்தியும் மற்றதிற் சற்றுப் பிந்தியும் பதியும். இரண்டையும் கூட்டும்போது உயர்ந்த அதிர்வுகள் ஒன்றையொன்று அழிக்கும். தமிழில் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தும் மெய்யொலிகளின் அடையாளம் பெரிதும் அந்த உயர்ந்த அதிர்வுகளிலேயே உள்ளது. ஒலிபெருக்கியிற் கேட்டிருந்தால் இத்தவறு அவனுக்குத் தெரிந்தேயிராது.

தவறு தெரிந்ததனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. போர்க்களத்திற்கு அபிமன்னன் வரும் இடத்திலே, எதிர்ப்படையினர் பாடும் அடியொன்றில் 'காலன்' வருகிறான் என்று மாணவன் முன்பு எழுதியிருந்தான். பதினாறு வயதினனை யமன் என்று பகைவரே அஞ்சிக் கூறுவதன் நயத்தை விரித்து ஒன்றரைப் பக்கம் எழுதியுமிருந்தான். விரிவுரையாளர் அந்தப் பகுதியின் ஓரத்திற் 'சிறப்பு' என்று குறித்திருந்தார். இப்போது இடத்தடத்தில் அந்த அடியை ஒன்பது முறை கேட்டான். 'காலன்' அன்று; 'பாலன்'. முதலெழுத்திலே இதழ் மூடித் திறக்கும் ஒலி தெளிவாக இருந்தது. பகைவர் அஞ்சவில்லை, ஒரு பிள்ளையைக் கொல்ல நேர்ந்ததை எண்ணித் தயங்குகிறார்கள். பாட்டனார் அந்தச் சொல்லின் முன் குரலைச் சிறிது தாழ்த்தியிருந்ததும் அப்போதுதான் பொருள்பட்டது.

ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டுவதா, அன்றித் 'தெளிவில்லை' என்று அடிக்குறிப்பிட்டுக் காப்பாற்றுவதா என்று ஓரிரவு முழுவதும் அவன் குழம்பினான். அந்த நாடாவை வேறெவரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் அவர்களிடம் இந்தக் கருவி இருக்கப் போவதில்லை. ஆனால் கொப்பிகள் எரிந்த பின்னர், பாட்டனார் பாடியது எது என்பதற்கு இனி இருக்கப்போகும் எழுத்துச் சான்று அவனுடைய கட்டுரை ஒன்றே. காலையில் எழுந்து அப்பகுதியை வெட்டினான். விரிவுரையாளரிடம் சென்று காரணத்தையும் கூறினான். அவர் ஹெட்போனை வாங்கித் தாமும் கேட்டார். இரண்டு முறை கேட்டபின், தாம் குறித்த 'சிறப்பு' என்பதைத் தம் பேனாவாலேயே கோடிட்டு அழித்தார்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது மாணவன் மடிக்கணினியையும் ஹெட்போனையும் கொண்டு சென்றான். அம்மம்மாவின் தலையில் அதனை அணிவித்தான். அவர் சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது அவர்ர பாட்டுத்தான் மனே; ஆனா அவர்ர குரல் இல்ல. இவ்வளவு கீச்சாப் பாடமாட்டார்" என்றார். மாணவன் திகைத்தான். பின்னர் சிந்தித்தபோது காரணம் புலப்பட்டது. பதிவு செய்த கருவி பற்றரியில் ஓடியது; பற்றரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும்; மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினாற் குரல் உயர்ந்து ஒலிக்கும். எவ்வளவு மெதுவாக ஓடியது என்பதைக் கணிக்க நாடாவில் எந்த அளவுகோலும் இல்லை. இருந்த ஒரே அளவுகோல் அம்மம்மாவின் நினைவு.

அவன் கணினியில் வேகத்தை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்துக் குறைத்துக் கேட்பித்தான். ஒன்றுக்கு இல்லை என்றார். மூன்றுக்கும் இல்லை என்றார். ஆறிலே அவர் கையை உயர்த்தினார். அஃது இசையில் ஏறத்தாழ அரைச்சுர அளவு. ஏழுக்குக் குறைத்தபோது, "கூடக் கட்டையாப் போச்சு, முந்தினதை விடு" என்றார். ஐயந்தீர்க்கும் பொருட்டு, எண்ணைச் சொல்லாமல் மாற்றி மாற்றி நான்கு முறை கேட்பித்தான். நான்கு முறையும் ஆறிலேயே அவர் நிறுத்தச் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய குரலொன்றை அவ்வளவு நுட்பமாக அவர் வைத்திருந்தார்.

அதன்பின் அவர் நாடாவின் ஒரு பக்கம் முடியும்வரை, எவருடனும் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்ததை மகள் வந்துதான் இறக்கினார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, அதனை இருபுறமும் திருப்பிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார். மாணவன் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னான்.

"எட்டாயிரமோ?" என்றார் அம்மம்மா. "அவர் களரியில நிண்டு பாடினா ஆத்துக்கு அங்கால இருக்கிறவனுக்கும் கேக்கும். அதுக்கு ஒருத்தரும் ஒரு சதமும் குடுக்கேல்ல." பின்னர், மறுபக்கத்தையும் போடுமாறு கூறி, தாமே அதனை எடுத்துத் தலையில் அணிந்துகொண்டார்.